சின்னப் பிள்ளைகளோடு சென்னையில் வெளியே கிளம்ப எது நல்ல நேரம்?

கேள்வி இது: "வேளச்சேரியில் அடுக்குமாடிக் குடியிருப்பில் இருக்கிறோம். பெண்ணுக்கு 6 வயது, பையனுக்கு 3. ஏப்ரல் வந்தால் வெயில், அக்டோபர் வந்தால் மழை. மார்கழியில் 'பனி தலையில் இறங்கும்' என்று மாமியார் விடமாட்டார். வருஷத்தில் பாதி நாள் வீட்டுக்குள்ளேயே போய்விடுகிறது. குடும்பமாக வெளியே இருக்க வழி உண்டா?"

உண்டு. 16 வருஷம் மழலையர் பள்ளியில் இருந்தவள், இரண்டு பிள்ளைகளை இதே ஊரில் வளர்த்தவள் என்ற முறையில் சொல்கிறேன். நாம் எல்லோரும் ஒரே தப்பைத்தான் செய்கிறோம். பிள்ளையை வெளியே கூட்டிப்போவது என்றால் சாயங்காலம் 5 மணி என்று மனசில் எழுதி வைத்துவிட்டோம். மே மாதம் 5 மணிக்குத் தரை இன்னும் அனலைக் கக்கிக்கொண்டிருக்கும். நவம்பரில் 5 மணிக்குக் கொசு, அரை மணியில் இருட்டு. இரண்டு முறை பட்டதும் "இந்த சீசனே சரியில்லை" என்று கதவைச் சாத்திவிடுகிறோம். குளிர் நாட்டுக்காரர்கள் பருவம் மாறினால் சட்டையை மாற்றுவார்கள். நமக்குச் சட்டை வருஷம் முழுக்க அதே பருத்திச் சட்டைதான். மாற்ற வேண்டியது மணியை.

சென்னையில் மே கடைசியில் 5.42க்கே சூரியன் வந்துவிடும். ஜனவரி மூன்றாம் வாரத்தில் 6.35 ஆகும். மாலையில் நவம்பர் நடுவில் 5.40க்கு முன்பே மறைந்துவிடும். ஜூலை தொடக்கத்தில் 6.39 வரை நிற்கும். பார்க்க ஒரு மணி நேர வித்தியாசம்தான். ஆனால் மூன்று வயதுப் பையனின் நாளில் ஒரு மணி நேரம் என்பது பெரிய நிலம்.

வெயிலில் இருந்து தொடங்குகிறேன், அதுதான் நம்மை அதிகம் முடக்குவது. ஏப்ரல் முதல் ஜூன் வரை, கத்திரி நடக்கும் மே 4 முதல் 28, 29 வரை கட்டாயமாக, உங்கள் நேரம் விடியல் 5.45 முதல் 7.30 வரை. பிள்ளைகள் எழுந்திருக்க வேண்டுமே என்பீர்கள். மூன்று வயதுக்காரன் எப்படியும் ஆறு மணிக்கு வீட்டையே எழுப்பிவிடுவான், ஞாயிற்றுக்கிழமை இன்னும் சீக்கிரம். அந்த எழுப்புதலைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள். குளியல், சீருடை மாதிரியான சடங்கு எதுவும் வேண்டாம். பல்லை மட்டும் விளக்கிவிட்டு, இட்லியை டப்பாவில் போட்டு மிளகாய்ப்பொடி எண்ணெய் தடவி எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுங்கள். ஏதாவது ஒரு புங்க மரத்தடியில் உட்கார்ந்து சாப்பிட்டால் அதற்குப் பெயர் பிக்னிக்தான். புங்க மரத்தைச் சும்மா சொல்லவில்லை. பங்குனியில் புதுத்தழை விட்டு, கோடையில் அடர்ந்து நிற்கும் மரம் அது. அந்த நிழலுக்கு ஈடு கிடையாது. வேம்பும் நல்லதுதான், சித்திரையில் பூக்கொட்டி இடத்தையே மணக்க வைக்கும்.

சாயங்காலம் போகவே கூடாதா? போகலாம், ஆனால் கடிகாரத்தைப் பார்த்து வேண்டாம். காற்றைப் பார்த்துப் போங்கள். பகலில் நிலம் சூடேறி மேலே காற்று எழும்பும். அந்த இடத்தை நிரப்பக் கடலிலிருந்து குளிர்ந்த காற்று உள்ளே வரும். இதுதான் நம் கடல் காற்று. சில நாள் மதியமே வந்துவிடும். மேற்கிலிருந்து தரைக்காற்று வலுவாக வீசினால் கடல் காற்றை உள்ளே விடாது. சென்னை 40 டிகிரியைத் தாண்டுவது பெரும்பாலும் அந்த மாதிரி நாட்களில்தான். வேளச்சேரியில் இருந்து கடல் நேர்கோட்டில் அதிக தூரமில்லை, காற்று வந்து சேரும். பால்கனிக் கம்பியில் ஒரு பழைய ரிப்பனைக் கட்டி, அதைப் பார்க்கும் வேலையை உங்கள் பெண்ணிடம் கொடுத்துவிடுங்கள். ரிப்பன் மேற்குப் பக்கம் பறந்தால் கடல் காற்று வந்தாச்சு, செருப்பை மாட்டலாம். கிழக்குப் பக்கம் பறந்தால் இன்னும் கொஞ்சம் பொறுக்கணும். என் பள்ளியில் இந்த வேலைக்குப் பிள்ளைகள் சண்டையே போட்டிருக்கிறார்கள். "போகலாமா, வேண்டாமா" என்று அம்மா சொல்லாமல் ரிப்பன் சொல்வதால் அழுகையும் குறைவு.

ஒரு எச்சரிக்கை, சொந்தச் செலவில் வாங்கியது. என் பெரியவனுக்கு இரண்டரை வயதில், மே மாதம், நாலரை மணிக்கு ஒரு பூங்காவில் தகரச் சறுக்குமரத்தில் உட்கார வைத்துவிட்டேன். அரைக்கால் சட்டை. நிழல் விழுந்திருந்ததால் ஆறியிருக்கும் என்று நினைத்தேன். தொடையின் பின்பக்கம் சிவந்து கொப்புளமே வந்துவிட்டது. அன்றிலிருந்து எந்த விளையாட்டுச் சாமானானாலும் முதலில் என் புறங்கையை ஐந்து நொடி வைத்துப் பார்ப்பேன். என்னால் வைக்க முடியவில்லை என்றால் பிள்ளைக்குக் கிடையாது. கடற்கரை மணலுக்கும், ரப்பர் தரை போட்ட பூங்காவுக்கும் இதே சோதனைதான். தண்ணீர் கேட்டால் கொடுப்போம் என்று இருக்காதீர்கள். விளையாட்டு மும்முரத்தில் கேட்காது. சிறுநீர் அடர் மஞ்சளாக இருந்தால் தண்ணீர் போதவில்லை என்று அர்த்தம். பிள்ளை துவண்டு, உடம்பு கொதித்து, பேச்சு குழறினால் நிழலில் போட்டு ஈரத்துணியால் துடைத்துக்கொண்டே மருத்துவமனைக்குப் போக வேண்டும், வீட்டுக்கு இல்லை.

நடுப்பகலில் வெளியே போகலாம் என்று நான் சொல்வது வருஷத்தில் இரண்டே நாள், அதுவும் ஐந்தே நிமிஷம். ஏப்ரல் 24ஐ ஒட்டியும் ஆகஸ்ட் 18ஐ ஒட்டியும் சென்னையில் சூரியன் சரியாக உச்சந்தலைக்கு மேல் வரும். ஏப்ரலில் மதியம் 12.07 வாக்கில், ஆகஸ்ட்டில் 12.13 வாக்கில். தொப்பியும் செருப்புமாக மொட்டை மாடிக்குப் போய் ஒரு டம்ளரைக் கவிழ்த்து வையுங்கள். அதன் நிழல் அடிக்குள்ளேயே ஒளிந்துகொள்ளும். பிள்ளையை நேராக நிற்கச் சொன்னால் நிழல் பாதத்தைச் சுற்றிச் சின்ன வட்டமாகிவிடும். "என் நிழல் எங்கம்மா?" என்று மூன்று வயதுப் பையன் காலைத் தூக்கித் தேடுவதைப் பார்க்க அந்த ஐந்து நிமிஷ வெயில் தாங்கலாம்.

அப்புறம் நுங்கு. சாலையோரம் நுங்கு வெட்டுகிறவரிடம் சுளை எடுத்த குடுக்கையைக் கேட்டால் சும்மாவே கொடுப்பார். உருண்டையாக, ஒரே அளவில் இரண்டு பொறுக்குங்கள். இரண்டுக்கும் நடுவில் ஒரு முழம் நீளக் குச்சியைச் சொருகினால் அச்சு. கவட்டைக் கிளை ஒன்றை எடுத்து, கவட்டை அச்சின் மேல் படிகிற மாதிரி வைத்துத் தள்ள வேண்டும். அவ்வளவுதான் நுங்கு வண்டி. உங்கள் கணவருக்கு இது தெரிந்திருக்க வாய்ப்புண்டு. தெரிந்தால் அவரிடமே விட்டுவிடுங்கள். முதல் வண்டி நாலு அடியில் கழன்றுவிடும், பெரும்பாலும் துளை பெரிதாகிவிட்டிருக்கும். இரண்டாவதுதான் ஓடும். இரண்டு மூன்று நாளில் குடுக்கை சுருங்கி வண்டி செத்துப்போகும். அதையும் பிள்ளைகள் பார்க்கட்டும்.

அலுவலகம் முடிந்து வீடு வரவே எட்டு மணி ஆகிறதா? கோடையில் எட்டரைக்கு மொட்டை மாடியில் பாய் போட்டு மோர் சாதம் சாப்பிடுவதும் வெளியே இருப்பதுதான். மாடிச் சாவியைச் சங்கம் பூட்டி வைத்திருந்தால் எழுதிக் கொடுத்துக் கேளுங்கள், இன்னும் இரண்டு குடும்பத்தைச் சேர்த்துக்கொண்டு. எங்கள் குடியிருப்பில் எட்டு மாதம் பேசித்தான் வாங்கினோம். "பிள்ளைகள் பந்து அடித்தால் மேல் வீட்டுக்காரர் தூங்க முடியாது" என்பது நியாயமான புகார். பந்து இல்லை, ஒன்பதரைக்கு மேல் இல்லை என்று ஒப்புக்கொண்டோம். கைப்பிடிச் சுவர் உங்கள் நெஞ்சளவு இல்லையென்றால், அதன் பக்கம் ஏற ஏதாவது தொட்டியோ குழாயோ இருந்தால், மாடி வேண்டாம்.

ஜூலை முதல் செப்டம்பர் வரை பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. காலை நேரமே தொடரலாம். சாயங்காலங்களில் திடீரென்று இடியோடு மழை வரும். இடிச் சத்தம் காதில் விழுந்தால் உள்ளே; கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் கழித்துத்தான் வெளியே. மரத்தடியில் ஒதுங்குவது கூடவே கூடாது. ஆடிக் காற்றுக்கு ஓலைக் காற்றாடி செய்து கொடுங்கள். பட்டம் விட ஆசைப்பட்டால் சாதா நூல்தான்; மாஞ்சா நூலுக்குச் சென்னையில் தடை இருக்கிறது, கழுத்தறுந்து போன உயிர்களால் வந்த தடை.

மழைக்கு வருவோம். வடகிழக்குப் பருவமழை அக்டோபர் 20 வாக்கில் தொடங்கும். சென்னையில் வருஷத்துக்குப் பெய்கிற சுமார் 1,400 மில்லிமீட்டரில் பாதிக்கு மேல் டிசம்பருக்குள் கொட்டித் தீர்த்துவிடும். இந்த மழைக்கு ஒரு குணம் உண்டு. கடலோரத்தில் இது பெரும்பாலும் ராத்திரியிலும் விடியலிலும் பெய்யும். மதியத்துக்கு மேல் வாய் மூடும். புயலோ காற்றழுத்தத் தாழ்வு மண்டலமோ வந்தால் இந்தக் கணக்கு தப்பும், அது வேறு. மற்ற நாட்களில் உங்கள் நேரம் மதியம் 2.30 முதல் 4.30. கோடையில் கொலைகார நேரம் இது. மழைக்காலத்தில் இதுதான் தங்கம். இன்னொரு காரணமும் இருக்கிறது. டெங்கு பரப்பும் கொசு பகலில் கடிப்பது. விடிந்து முதல் இரண்டு மணி நேரமும் பொழுது சாய்வதற்கு முந்தைய நேரமும்தான் அதற்கு உச்சம். நாம் வழக்கமாகக் கிளம்பும் 5 மணி நேராக அதன் வாயில் கொண்டுபோய் விடுகிறது. மதியமும் முழுக்கை, முழுக்கால் சட்டை இருக்கட்டும்.

மழைக்குப் பிறகு எங்கேயும் போக வேண்டாம், குடியிருப்பின் சுற்றுச்சுவர் ஓரமே போதும். ஈரச் சுவரில் ரயில் பூச்சி ஊர்ந்துகொண்டிருக்கும். அதுதான் மரவட்டை. ஒரு புல்லால் தொட்டால் சட்டென்று சுருண்டு ஒரு ரூபாய் நாணயம் மாதிரி ஆகிவிடும். உட்கார்ந்து காத்திருங்கள், ஒன்றும் செய்யாமல். ஒரு நிமிஷமோ இரண்டோ கழித்து முதலில் மீசை மட்டும் வெளியே வரும், காற்றைத் தடவிப் பார்க்கும், அப்புறம்தான் உடம்பை அவிழ்க்கும். துறுதுறுவென்று ஓடும் பையன்கள் இதற்காக மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். கையில் எடுத்தால் சிலது மஞ்சளாக ஒரு நீர் விடும், எரிச்சல் தரும். புல்லோடு நிறுத்திக்கொண்டு வீட்டுக்கு வந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். நத்தை, மண்புழு, மரமல்லி மரம் பக்கத்தில் இருந்தால் காலையில் கொட்டிக் கிடக்கும் நீளக்காம்புப் பூ, எல்லாம் இந்த மாதங்களின் சொத்து.

தெருவில் தேங்கிய தண்ணீரில் மட்டும் கால் வைக்க விடாதீர்கள். காகிதக் கப்பலுக்கு மொட்டை மாடித் தண்ணீர் போதும். தெருத் தண்ணீரில் எலி மூத்திரம் கலந்திருந்தால் எலிக்காய்ச்சல் வரும். மூடியில்லாத வடிகால் தெரியாது. நடைபாதை மின்பெட்டி பக்கத்தில் தண்ணீர் நின்றால் அந்தப் பக்கமே போகக் கூடாது. வேளச்சேரிக்காரர்களுக்கு இதற்கு மேல் நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

இனி உங்கள் மாமியாரின் பனி. சளி பிடிப்பது வைரஸால், பனி தலையில் இறங்குவதால் இல்லை. ஆனால் இந்த வாதத்தில் மாமியாரை ஜெயித்தவர் யாரையும் நான் இதுவரை சந்தித்ததில்லை, நான் உட்பட. ஜெயிக்கவும் தேவையில்லை. டிசம்பர், ஜனவரியில் காலை 8.30க்கு மேல் போங்கள். 20 டிகிரிப் பனி அதற்குள் காணாமல் போயிருக்கும், குரங்குக் குல்லாவும் வேண்டாம், 11 மணி வரை வெயில் இதமாகவே இருக்கும். வீசிங் தொல்லை இருக்கிற பிள்ளையானால் மாமியார் சொல்வதில் நியாயமும் உண்டு. குளிர்ந்த விடியலில் புகை தரையோடு படிந்து கிடக்கும். போகிப் பண்டிகைக் காலையில் எந்தப் பிள்ளையையும் வெளியே கொண்டுவராதீர்கள், ஜன்னலையும் சாத்துங்கள்.

வருஷத்தில் முழு நாள் ஊர் சுற்றத் தோதான காலம் இதுதான். உங்களுக்குப் பக்கத்திலேயே பள்ளிக்கரணை இருக்கிறது. உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் பட்டியலான ராம்சர் பட்டியலில் 2022இல் சேர்ந்த சதுப்புநிலம். ஊர்க்காரர்கள் குப்பைமேடு பக்கம் என்றே அடையாளம் சொல்வோம். தாழைக்கோழி, நாரை வகைகள், சில வருஷம் பூநாரைக் கூட்டம். ஒரு ஞாயிறு வேடந்தாங்கலுக்கு ஒதுக்குங்கள். 80 கிலோமீட்டர் அளவில் வரும். எல்லோரும் காலையில் போய் மதியம் திரும்புவார்கள். நீங்கள் மூன்று மணிக்குப் போய்ச் சேருங்கள். இரை தேடப் போன பறவைகள் பொழுது சாயச் சாய ஏரிக்குத் திரும்புவதுதான் காட்சி. நத்தைகுத்தி நாரை மூக்கை மூடினாலும் நடுவில் இடைவெளி தெரியும், ஆறு வயதுப் பெண்ணுக்கு அதைக் காட்டுங்கள். மூன்று வயதுக்கு இருநோக்கி (பைனாகுலர்) பிடிபடாது. அவனுக்குக் கூழைக்கடா வந்து இறங்குகிற பெரிய உடம்பே போதும். அந்த ஊர்க்காரர்கள் பறவைகளைத் தலைமுறைகளாகக் காத்து வருகிறார்கள். எச்சம் விழுந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரம் என்பது அவர்களுக்குத் தெரியும்.

காணும் பொங்கலுக்கு மெரினா வேண்டாம். பிள்ளைகள் தொலைந்துவிடாமல் இருக்கப் போலீஸ்காரர்கள் கையில் தொலைபேசி எண் எழுதிய பட்டை கட்டிவிடும் அளவுக்குக் கூட்டம். மூன்று வயதுக்கு அது கொண்டாட்டம் இல்லை, தொடைகளின் காடு. பிப்ரவரி கடைசியில் இருந்து ஏப்ரல் வரை ஏதாவது ஒரு சாயங்காலம் பெசன்ட் நகர் போங்கள். ஜனவரி முதல், பங்குனி ஆமை என்ற கடலாமைகள் நம் கரையில் முட்டையிடுகின்றன, ஒரு குழியில் நூறுக்கும் மேல். மாணவர் கடலாமைப் பாதுகாப்பு அமைப்பு என்று ஒன்று 1988 முதல் ராத்திரியில் கரையோரம் நடந்து முட்டைகளைச் சேகரித்துப் பொரிப்பகத்தில் வைக்கிறது, வனத்துறையும் செய்கிறது. ஒன்றரை மாதம், ஐம்பது நாள் கழித்துப் பொரிந்த குஞ்சுகளைச் சாயங்காலம் கடலில் விடுவார்கள். என்றைக்குப் பொரியும் என்று முன்கூட்டியே சொல்ல முடியாது. இரண்டு முறை வெறுங்கையோடு திரும்ப வேண்டியிருக்கும். தொடக்கூடாது, கேமராவின் வெளிச்சம் கூடாது. அலை வந்து குஞ்சைப் பின்னால் புரட்டிப்போடும், அது மறுபடி திரும்பி நடக்கும். என் சின்னவள் அன்று ஐஸ்கிரீம் கேட்க மறந்தாள்.

கடல் என்றதும் ஒன்று. நம் கரையில் அலை இழுப்பு மோசம், நாலடியில் ஆழம் வந்துவிடும். பிள்ளையின் மணிக்கட்டை, விரல்களை இல்லை, மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு கணுக்கால் நனையும் இடத்தோடு சரி. ஒரு பெரியவருக்கு ஒரு பிள்ளை.

சில்லறை விஷயங்கள். மூன்று வயதுக்காரனோடு 200 மீட்டர் நடக்க 40 நிமிஷம் ஆகும், போய்ச் சேர்வது குறி இல்லை என்று முதலிலேயே மனசைத் தேற்றிக்கொள்ளுங்கள். பெரும்பாலான பூங்காக்களில் கழிப்பறை இருந்தாலும் பூட்டு தொங்கும். கிளம்பும் முன் ஒருமுறை போக வைத்து, மாற்றுச் சட்டை ஒன்று, பழைய துண்டு ஒன்று, ஒரு பாட்டில் கழுவும் தண்ணீர் பையில் நிரந்தரமாக இருக்கட்டும். கிண்டி சிறுவர் பூங்காவுக்கும் வண்டலூருக்கும் செவ்வாய் விடுமுறை. வாசலில் போய் நின்று அழாதீர்கள். எல்லாவற்றையும்விட, "இது என்ன பூ? இங்கிலீஷில் என்ன சொல்லு?" என்று கேட்பதை விட்டுவிடுங்கள். வெளியே போவது பரீட்சை ஆகிவிட்டால் ஆறு வயதுப் பெண் அடுத்த ஞாயிறு தலைவலி என்பாள்.

மாமியாரையும் கூட்டிப்போங்கள், ஒரு மடக்கு நாற்காலியோடு. கிராமத்துப் பக்கம் இருந்தவராக இருந்தால் சுவரோரக் களைகளுக்கெல்லாம் அவரிடம் பெயர் இருக்கும். மழை விட்ட ஒரு மதியம் குப்பைமேனியைக் காட்டச் சொல்லுங்கள். பூனைவணங்கி என்றும் அதற்குப் பெயர். வேரோடு பிடுங்கி, உங்கள் குடியிருப்பில் சுற்றும் பூனைக்கு முன்னால் போட்டுவிட்டு நாலு பேரும் தள்ளி நின்று பாருங்கள். பல பூனைகள் அந்த வேரை மோந்துவிட்டு முகத்தைத் தேய்க்கும், புரளும், கிறுக்குப் பிடித்த மாதிரி உருளும். உங்கள் பூனை உருளவில்லை என்றால் வேறு பூனையைத் தேட உங்கள் பையனே கூட்டிப்போவான்.